உள்ளங்கைப் பக்கம்

முந்நூறு பிராங்குக்கு ஈடாக
இந்த மணிக்கூட்டைக் கழற்றி
மருத்துவமனைச் சமையலறையின் எஃகு மேசையில் வைத்தான்
ரூபகாந்தன்.
"அப்பாவின்ர. துலைச்சுப் போடாதேங்கோ அக்கா."

நான் அடகு பிடிப்பவள் அல்ல.
பீல் நகரத்து நோயாளிகளின்
எச்சில் தட்டுக் கழுவுபவள்.
வேண்டாம் என்றுதான் சொன்னேன்.
அதற்குள் அவன்
அப்பாவைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

தபால் அதிபர். பருத்தித்துறை.
கடைசி பஸ் போன பிறகு
தந்தி ஒன்று கிடந்தால்
தானே சைக்கிளை எடுத்துவிடுவாராம்.
நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ
விடியும் வரைக்கும் அதை
மேசையில் தூங்கவிட மாட்டாராம்.
மணிக்கூட்டு முகத்தை
உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுவாராம்,
ஹாண்டிலில் இருந்து கை எடுக்காமல்
நேரம் பார்க்க.

கொடுத்தேன்.
அடுத்த மாதம் அவனை வேறு கன்டோனுக்கு மாற்றினார்கள்.
அதற்கடுத்த மாதம்
அவன் தொலைபேசி எண்ணில்
ஒரு ஜெர்மன்காரி பேசினாள்.

வாரில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டேன்,
சுட்ட ஊசியால்.
உள்ளங்கைப் பக்கமே கட்டினேன்.
விடிய நாலு ஐம்பதுக்குச் சாவி கொடுப்பேன்.
நாளுக்கு நாலு நிமிடம் பிந்தும்.
தபால் அதிபருக்கு இது அழகா என்று
முள்ளைத் தள்ளி வைப்பேன்.

சிரிக்காதீர்கள்.
தனியாக இருக்கிறவளுக்கு
யாரையாவது கேட்க வேண்டியிருக்கும்.
அண்ணன் செத்த இரவு
அண்ணிக்கு யார் சொல்வது என்று
மூன்று நாட்டில் இருந்த ஐந்து பேரும்
ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருந்தபோது
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
இரண்டு இருபது.
நான்தான் எடுத்துச் சொன்னேன்.

ஒரு மாசி மாதம் நின்றுபோயிற்று.
ஒவ்வொரு தெருவுக்கும்
இரண்டு மொழியில் இரண்டு பெயர் வைத்திருக்கும் இந்த ஊரில்
மணிக்கூட்டு வைத்தியருக்கா பஞ்சம்?
ஷூஸ் ஆற்றோரம் திரு. மத்தே
முதுகு மூடியைக் கழற்றி
லென்ஸை என் கண்ணில் பொருத்தினார்.
உள்ளே முடியளவு மெல்லிய கீறல்கள்:
அறுபத்தெட்டு. எழுபத்தொன்பது. இரண்டாயிரத்து ஆறு.
"என் முதலாளியின் கையெழுத்து, மூன்றும்.
இது இந்த ஊரை விட்டு
எங்கேயும் போகவே இல்லை, மேடம்."

பழுது பார்த்த கூலி நூற்றிருபது.
ஆற்றங்கரையில் நின்றேன்,
கையில் அது ஓடிக்கொண்டிருந்தது.
கழற்றி எறிய மனம் வரும் என்று
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
குளிர்தான் வந்தது.

ஆறு வருடம் கழித்து
ஓல்ட்டன் ஸ்டேஷனில்
"அக்கா!" என்று ஓடி வந்தான்.
தொப்பை. கல்யாண மோதிரம்.
கோப்பி வாங்கித் தந்து, கண்ணைப் பார்க்காமல்,
"பழஞ்சாமான் சந்தையில
பன்னிரண்டு பிராங்குக்கு வாங்கினது அக்கா.
அப்பாவை எனக்குத் தெரியாது.
அவர் போகேக்க எனக்குப் பதினொரு மாசம்" என்றான்.
பிறகு என் கையைப் பார்த்து,
"ஏன் உள்ளுக்குத் திருப்பிக் கட்டியிருக்கிறியள்?"

மறந்துவிட்டான்.

சொன்னேன்.
சைக்கிளை, தந்தியை,
கடைசி பஸ் போன பிறகான இருட்டை.
"நானா சொன்னனான்?" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"பிறகு?"

பிறகு என்றால்,
மழைக்கு அவர் கடிதங்களைச்
சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனதை,
நாய் துரத்திய ஒழுங்கையை,
கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு
வாசலில் நின்றே வாசித்துக் காட்டியதைச்
சொல்லிக்கொண்டு போனேன்.
அவன் சொல்லித்தராதவை.
பீலுக்குப் போகும் ரயில் ஒன்று வந்தது, போயிற்று.
இன்னொன்றும்.

மணிக்கூட்டை நீட்டினேன்.
வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து
தானே என் கையில் கட்டிவிட்டான்,
முகம் வெளியே தெரிய.
நான் திருப்பிக்கொண்டேன்.

முந்நூறையும் எண்ணித்தான் வாங்கினேன்.
கணக்கென்றால் கணக்கு.
தபால் கந்தோரில் வேறெப்படி?